வண்டியும் தூங்கணும், சார்ஜிங் கணக்கும் விட்டுப்போகக் கூடாது

கேள்வி: வணக்கம் சார். டெஸ்லா மாடல் ஒய் லாங் ரேஞ்ச் வெச்சிருக்கேன். ஒவ்வொரு சார்ஜுக்கும் எத்தனை யூனிட் ஏறுச்சு, எவ்வளவு வீணாச்சுன்னு கணக்கு வைக்க ஆசைப்பட்டு ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) ஓட விட்டேன், 1 நிமிஷத்துக்கு ஒரு தடவை டேட்டா எடுக்கும். அதுல இருந்து வண்டி சும்மா நின்னாலே நாளுக்கு 8 சதவீதம் இறங்குது. 30 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்துனேன், ஓரளவு தூங்குது, ஆனா சார்ஜிங் ஆரம்பிச்ச நேரம் தப்பா பதிவாகுது. ராத்திரி 1 மணிக்கு ஷெட்யூல் போட்டா லாக்ல (பதிவு ஃபைல்ல) 1:26னு வருது. அதோட சில ராத்திரி 30 நிமிஷம் வெச்சும் சுத்தமா தூங்க மாட்டேங்குது. சுவர்ல 23 யூனிட் எடுத்தா வண்டில 19 தான் ஏறுது, அதுவும் சரியான்னு தெரியல. 12 வோல்ட் பேட்டரி கெட்டுப்போயிடுமோன்னு வேற பயமா இருக்கு. அடுத்த மாசம் 2 வாரம் வெளியூர் போறேன், வண்டி நிறுத்தியே கிடக்கும். டெஸ்லா வண்டி டேட்டாவ தானா பதிவு பண்ற டெஸ்லாமேட் சாப்ட்வேருக்கு மாறிடவா? ஸ்கிரிப்டையும் சேத்து அனுப்பியிருக்கேன்.

பதில்:

வணக்கம். ஸ்கிரிப்ட அனுப்புனது ரொம்ப நல்லதாப் போச்சு, பாதி பதில் அதுலயே இருக்கு. மொதல்ல அந்த 8 சதவீதத்த பாத்துடுவோம், ஏன்னா அது மர்மம் ஒண்ணும் இல்ல, சாதாரண பெருக்கல் கணக்குதான். வண்டி முழிச்சிருந்தா உள்ள இருக்குற கம்ப்யூட்டர், மோடம், அப்பப்ப ஓடுற பம்ப் எல்லாம் சேந்து சுமாரா 200ல இருந்து 300 வாட் இழுக்கும். நடுவுல 250னு வெச்சுக்குங்க, 24 மணி நேரத்துக்கு 6 யூனிட். உங்க பேட்டரி சுமார் 75 யூனிட், அதுல 6 போனா 8 சதவீதம். அதாவது உங்க வண்டி ஒரு நிமிஷம் கூட கண்ண மூடல, அவ்வளவுதான் விஷயம். பேட்டரில கோளாறு இல்ல, அந்தக் கவலைய விட்டுடுங்க. ஒழுங்கா தூங்குற வண்டி நாளுக்கு சுமார் 1 சதவீதம் இறங்கும்னு டெஸ்லா மேனுவலே சொல்லுது, நாம போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

தொட்டில்ல போட்ட குழந்தைகிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை "தூங்கிட்டியா"ன்னு கேட்டா அது எப்படித் தூங்கும், அதேதான் இங்கயும் நடக்குது. ஆனா கேக்கறதுலயே ரெண்டு விதம் இருக்கு, உங்க ஸ்கிரிப்ட்ல அது ரெண்டும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. ஒண்ணு, டெஸ்லா சர்வர்கிட்ட "வண்டி என்ன நிலைமைல இருக்கு"ன்னு மட்டும் கேக்கறது. அதுக்கு ஆன்லைன், அஸ்லீப், ஆஃப்லைன்னு ஒரே வார்த்தைல பதில் வரும், சர்வருக்குத் தெரிஞ்சத அது சொல்லுது, வண்டிய யாரும் தொடல. இன்னொண்ணு, வெஹிக்கிள் டேட்டான்னு முழு விவரம் கேக்கறது, இது வண்டி வரைக்கும் போய் பதில் வாங்கிட்டு வரும். தூங்குற வண்டிய இது எழுப்பாது, எர்ரர்தான் வரும். ஆனா முழிச்சிருக்குற வண்டிய இது தூங்க விடாது. உங்க ஸ்கிரிப்ட் எப்பவும் இந்த ரெண்டாவதத்தான் கேக்குது. மொதல் கேள்விய நீங்க 30 செகண்டுக்கு ஒரு தடவை கேட்டாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டாவதத்தான் பாத்து பாத்து கேக்கணும். 1 நிமிஷமா 30 நிமிஷமான்னு நீங்க அல்லாடுனதெல்லாம் இதனாலதான், ரெண்டு கேள்விக்கும் ஒரே இடைவெளி வெச்சதுதான் தப்பு.

இப்ப "சில ராத்திரி 30 நிமிஷம் வெச்சும் தூங்கல"ங்கறதுக்கு வர்றேன். உங்க ஸ்கிரிப்ட்ல 40வது வரி பக்கம் ஒரு கண்டிஷன் இருக்கு பாருங்க, சார்ஜ் ஆரம்பிச்சது தெரிஞ்சதுக்கப்புறம் கேபிள் மாட்டியிருக்கற வரைக்கும் 20 செகண்டுக்கு ஒரு தடவை டேட்டா எடுன்னு எழுதியிருக்கீங்க. கேபிள் மாட்டியிருக்கறதும் சார்ஜ் ஆகறதும் ஒண்ணு இல்ல. நீங்க சாயந்திரம் வந்து கேபிள மாட்டிடுறீங்க, ஷெட்யூல் 1 மணிக்கு, அது தெரிய வர்ற வரைக்கும் 30 நிமிஷத்துக்கு ஒரு கேள்வி, அதனாலதான் 1:26. கம்மியா ஏத்துற நாள்ல விடிகாலைலயே சார்ஜ் முடிஞ்சிடுது, ஆனா கேபிள் காலைல கழட்டுற வரைக்கும் 20 செகண்டுக்கு ஒரு கேள்வி. கேபிள் மாட்டுன ராத்திரில தூங்கல, மாட்டாத ராத்திரில தூங்குது, உங்க லாக்க எடுத்து தேதி வாரியா ஒத்துப் பாத்தா அப்படியே பொருந்தும்னு நினைக்கிறேன். இதுல இன்னொரு தொல்லையும் ஒட்டிக்கிட்டு வருது. சார்ஜ் முடிஞ்ச வண்டி கேபிளோட முழிச்சே கிடந்தா பேட்டரி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், லிமிட்டுக்குக் கீழ சில சதவீதம் போனதும் வண்டி தானா திரும்ப சார்ஜ் பண்ணிக்கும், லாக்ல குட்டி குட்டியா செஷன் முளைக்கும். ரெண்டு மூணு நாள் தொடர்ந்து கேபிள்லயே நின்ன தேதில அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க, உங்க சராசரி கணக்கையே கெடுத்துடும்.

அதனால கேபிள பாக்காதீங்க, சார்ஜிங் ஸ்டேட்ட பாருங்க. அது ஸ்டார்ட்டிங், சார்ஜிங், கம்ப்ளீட், ஸ்டாப்ட், டிஸ்கனெக்டட்னு தெளிவா சொல்லும். "சார்ஜிங்"னு இருக்குற வரைக்கும் உங்க இஷ்டத்துக்கு கேளுங்க, அந்த நேரம் வண்டி எப்படியும் முழிச்சுத்தான் இருக்கும், நீங்க கேக்கறதால ஒரு வாட் கூட அதிகமாப் போகாது. இத நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்குக் காரணம், நிறைய பேர் சார்ஜிங் டேட்டா வேணும்னா தூக்கத்த விட்டுக்குடுத்துத்தான் ஆகணும்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்லவே இல்ல. ஃபாஸ்ட் சார்ஜர்ல பவர் சட்டு சட்டுன்னு மாறும், அங்க 5 செகண்ட் வைங்க. வீட்டுல 10 ஆம்பியர்ல 10 மணி நேரம் ஒரே மாதிரி ஏறிக்கிட்டு இருக்கும், அங்க 1 நிமிஷம் போதும், 600 வரில ஒரு ராத்திரி முடிஞ்சிடும்.

"கம்ப்ளீட்" வந்ததும் கடைசியா ஒரு ரீடிங் எடுத்துட்டு வாய மூடிடணும். அதுக்கப்புறம் சர்வர்கிட்ட நிலைமை மட்டும் கேளுங்க. 15, 20 நிமிஷத்துல அஸ்லீப்னு மாறணும். அஸ்லீப்ல இருந்து ஆன்லைன்னு மாறுச்சுன்னா யாரோ கதவத் திறந்திருக்காங்க, இல்லன்னா ஷெட்யூல் நேரம் வந்து வண்டி தானா எழுந்திருக்கு, அப்ப மட்டும் முழு டேட்டா எடுங்க. இங்க ஒரு சின்ன நுணுக்கம்: எழுந்த உடனே எடுக்குற மொதல் ரீடிங்ல ஸ்டாப்ட்னோ ஸ்டார்ட்டிங்னோதான் இருக்கும், பேட்டரிய இணைக்கிற பெரிய சுவிட்சான கான்டாக்டர் ஒட்டி, சார்ஜரோட பேசி, கரண்ட் ஏற கொஞ்ச நேரம் ஆகும். ஒரே ரீடிங்க பாத்துட்டு "சார்ஜ் ஆகல"ன்னு முடிவு கட்டி அமைதியாயிட்டீங்கன்னா மறுபடி ஆரம்பத்த கோட்டை விட்டுடுவீங்க. எழுந்ததுல இருந்து ஒரு 3 நிமிஷம் தொடர்ந்து பாருங்க, அதுலயும் சார்ஜும் இல்ல ஓட்டமும் இல்லன்னா விட்டுடுங்க, 20 நிமிஷம் டேட்டா பக்கமே போகாதீங்க.

இப்படி வெச்சாலும் எப்பவாவது ஒரு தடவை அந்த அமைதியான 20 நிமிஷத்துக்குள்ள சார்ஜ் ஆரம்பிச்சிடும், அதுக்குப் பயப்பட வேண்டாம். வண்டிக்குள்ளயே ஒரு கவுன்ட்டர் ஓடுது, சார்ஜ் எனர்ஜி ஆடட்னு பேரு, அந்த செஷன்ல பேட்டரில எத்தனை யூனிட் ஏறுச்சுன்னு அதுவே கூட்டிக்கிட்டு இருக்கும். நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் அது ஓடும். உங்க ஸ்கிரிப்ட் என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு நிமிஷ பவரையும் பெருக்கிக் கூட்டி யூனிட் கணக்கு போடுது, அதனாலதான் 26 நிமிஷம் விட்டுப்போனா 26 நிமிஷத்துக்கு உண்டான யூனிட்டும் சேந்து காணாமப் போகுது. கவுன்ட்டர எடுத்தா மொத்தம் எப்பவும் சரியா வரும். ஆரம்ப நேரத்தையும் பின்னாடி கணக்கு போட்டு எடுத்துடலாம். உதாரணத்துக்கு மொதல் ரீடிங் 1:16க்கு கிடைக்குது, கவுன்ட்டர்ல ஏற்கெனவே 0.5 யூனிட் இருக்கு, உங்க வீட்டு சார்ஜிங்ல மணிக்கு 1.9 யூனிட் ஏறுது, அப்ப 0.5 ஏற சுமார் 16 நிமிஷம் ஆகியிருக்கும், ஆரம்பிச்சது 1 மணி. முடிஞ்சது. ஒண்ணு மட்டும் கவனிங்க, கவுன்ட்டர் முந்தின ரீடிங்க விட கம்மியா ஆயிடுச்சுன்னா புது செஷன் ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அத ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேத்துடுங்க.

இதோட ஒட்டுனது, உங்க பவர் கணக்கும் தப்பு. சார்ஜர் பவர்ங்கற எண்ண வண்டி முழு கிலோவாட்டாத்தான் குடுக்குது. 230 வோல்ட், 10 ஆம்பியர்னா 2.3 கிலோவாட், ஆனா அது 2ன்னு காட்டும். நீங்க அத வெச்சுப் பெருக்குனா எடுத்த எடுப்புலயே 13 சதவீதம் குறையும். ஃபாஸ்ட் சார்ஜர்ல 120, 121ன்னு இருக்கும்போது இது ஒண்ணும் தெரியாது, வீட்டு சார்ஜிங்லதான் கால வாரும். வோல்டேஜையும் ஆம்பியரையும் தனியா எடுத்துப் பெருக்குங்க, மூணு ஃபேஸ்னா மூணால பெருக்குங்க.

23 எடுத்து 19 ஏறுதுன்னு கேட்டீங்களே, அது உண்மையான இழப்புதான். 2.3 கிலோவாட்டுல 23 யூனிட் எடுக்க 10 மணி நேரம் ஆகும், அந்த 10 மணி நேரமும் வண்டி முழிச்சிருக்கு, 250 வாட் வீதம் 2.5 யூனிட் அதுக்கே போச்சு. மிச்சம் ஒண்ணரை யூனிட் ஏசிய டிசியா மாத்துறதுல சூடாப் போயிருக்கும். இதே 23 யூனிட்ட 32 ஆம்பியர்ல, அதாவது 7.4 கிலோவாட்டுல எடுத்தா 3 மணி நேரம் சொச்சத்துல முடிஞ்சிடும், முழிச்சிருந்த செலவு 0.8 யூனிட்டுக்குள்ள நின்னுடும். உங்க வயரிங் தாங்கும்னு எலக்ட்ரீஷியன் பாத்து சொன்னா மட்டும் ஆம்பியர ஏத்துங்க. மெதுவா சார்ஜ் பண்ணா பேட்டரிக்கு நல்லதுன்னு 6 ஆம்பியர், 8 ஆம்பியர்னு குறைச்சு வைக்கறவங்கள அடிக்கடி பாக்கறேன். 2.3ஓ 7.4ஓ இந்த அளவு பேட்டரிக்கு ரெண்டுமே மெதுவான சார்ஜிங்தான், குறைச்சு வெச்சா பேட்டரிக்குப் பெருசா லாபம் இல்ல, இழப்பு மட்டும் கூடும்.

சுவர்ல எடுத்த யூனிட் துல்லியமா வேணும்னா அத வண்டிகிட்ட கேக்கவே கேக்காதீங்க. சார்ஜர் பக்கத்துல ஒரு எனர்ஜி மீட்டர் வைங்க, இல்ல உங்க வால்பாக்ஸ் (சுவர்ல மாட்டுற சார்ஜர்) ஓசிபிபி, அதாவது சார்ஜரும் சர்வரும் பேசிக்கற பொது மொழி, பேசும்னா அதுவே மீட்டர் வேல்யூன்னு நீங்க சொல்ற இடைவெளில அனுப்பிக்கிட்டே இருக்கும். சுவர்ல இருந்து எடுக்குற டேட்டாவால வண்டி தூக்கம் கெடாது. மீட்டர்ல கரண்ட் ஏறுறது தெரிஞ்ச அந்த நொடில வண்டிகிட்ட கேக்க ஆரம்பிங்கன்னு ஸ்கிரிப்ட்ட மாத்துனீங்கன்னா நீங்க மேல சொன்ன 1:26 பிரச்சினை அடியோட போயிடும். எங்கிட்ட வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்ற வழி இதுதான், காசு கொஞ்சம் செலவானாலும்.

டெஸ்லாமேட்டுக்கு மாறலாமான்னா, தாராளமா மாறலாம், நான் இதுவரைக்கும் சொன்ன வேலைல பெரும்பகுதிய அது ஏற்கெனவே பண்ணுது. அதுல தூக்கத்துக்குன்னு ரெண்டு செட்டிங் இருக்கு, வண்டி சும்மா நின்னு எத்தனை நிமிஷம் கழிச்சு தூங்க விட்டுப் பாக்கறதுன்னு ஒண்ணு, அது ஆரம்பத்துல 15 நிமிஷம், அப்புறம் எத்தனை நிமிஷம் கேள்வியே கேக்காம காத்திருக்கறதுன்னு ஒண்ணு, அது 21 நிமிஷம். அந்த 21அ குறைக்காதீங்க, டேட்டா சீக்கிரம் வரட்டும்னு சிலர் 10னு வெச்சிடுறாங்க, வண்டி தூங்கப் போற நேரத்துல போய் தட்டி எழுப்புன மாதிரி ஆயிடும். ஸ்ட்ரீமிங் ஆப்ஷன ஆன் பண்ணிக்கலாம், அந்த அமைதி நேரத்துல வண்டி ஓட ஆரம்பிச்சா உடனே பிடிச்சிடும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க, சென்ட்ரி மோட் (நிறுத்தின வண்டிய கேமராவால காவல் காக்கறது) ஆன்ல இருந்தாலோ கதவு திறந்திருந்தாலோ உள்ள ஆள் இருந்தாலோ டெஸ்லாமேட் வண்டிய தூங்க வைக்க முயற்சியே பண்ணாது, கேட்டுக்கிட்டேதான் இருக்கும். டெஸ்லாமேட் வந்தும் தூங்கலன்னு சொல்றவங்களுக்கு மொதல்ல பாக்க வேண்டிய இடம் அது.

மாறும்போது பழைய ஸ்கிரிப்ட கட்டாயம் நிறுத்திடுங்க. வண்டிகிட்ட கேக்கற ஆள் ஒரே ஒருத்தர்தான் இருக்கணும். ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் அமைதியா இருக்குற நேரத்துல இன்னொருத்தர் கேப்பார், வண்டி எப்பவுமே தூங்காது. ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகள இணைக்கற சாப்ட்வேர்) வெச்சிருந்தா அதையும் தனியா வண்டியோட இணைக்காதீங்க, டெஸ்லாமேட் எம்க்யூடிடிங்கற செய்தி அனுப்புற முறைல அனுப்புறத வாங்கிக்கிட்டா போதும். எப்பவோ ட்ரை பண்ணிப் பாத்துட்டு மறந்துபோன ஆப் ஏதாவது இருக்கான்னு டெஸ்லா கணக்குல அனுமதி குடுத்த லிஸ்ட்ட திறந்து பாருங்க, தேவையில்லாதத எல்லாம் நீக்கிடுங்க. போன்ல டெஸ்லா ஆப்ப திறந்தாலே வண்டி எழுந்துக்கலாம், "தூங்குதா"ன்னு பாக்க ஆப்ப திறக்காதீங்க.

வண்டிப் பக்கத்து செட்டிங்ல முக்கியமானது சென்ட்ரிதான், அது ஆன்ல இருந்தா வண்டி தூங்கவே தூங்காது, நீங்க எத்தனை ஸ்கிரிப்ட் திருத்தினாலும். வீட்டுல சென்ட்ரி வேண்டாம்னு விலக்கு வைக்க ஆப்ஷன் இருக்கு, போட்டுடுங்க. கேபின் ஓவர்ஹீட் ப்ரொடெக்‌ஷன் (வண்டி உள்ள ரொம்ப சூடாகாம பாத்துக்கறது) நீங்க இறங்கிப் போய் 12 மணி நேரம் வரைக்கும் ஓடலாம், அத அணைங்க. சம்மன் ஸ்டாண்ட்பை (நீங்க கூப்பிட்டா தானா நகர்றதுக்குத் தயாரா நிக்கறது) இருந்தா அதையும் அணைங்க.

12 வோல்ட் விஷயத்துல உங்க பயம் டெஸ்லாவுக்கு அவ்வளவாப் பொருந்தாது. வண்டி முழிச்சிருக்குற நேரம் பெரிய பேட்டரில இருந்து டிசி கன்வெர்ட்டர் வழியா சின்ன பேட்டரிக்கு ஓட்டம் இருக்கும், அதனால அது காலியாகாது, பெரிய பேட்டரிதான் இறங்கும். ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன், வேற கம்பெனி மின்கார் பலதுல கதையே வேற. அதுல கம்பெனி சர்வர்ல கிடக்குற பழைய டேட்டாவ எடுக்கறது ஒண்ணு, வண்டிய எழுப்பி புதுசா எடுக்கற ஃபோர்ஸ் ரெஃப்ரெஷ் ஒண்ணு. ரெண்டாவது ஒவ்வொரு தடவையும் மோடமும் கன்ட்ரோல் யூனிட்டும் எழுந்து சின்ன பேட்டரில இருந்தே கரண்ட் எடுக்கும். 5 ஆம்பியர்னு வெச்சா 40 ஆம்பியர்-அவர் பேட்டரி 8 மணி நேரத்துல சுத்தமா காலி. அப்புறம் பெரிய பேட்டரில 90 சதவீதம் இருந்தும் கதவு கூட திறக்காம நிக்கும். ஓபிடி டாங்கிள் (வண்டியோட சோதனை சாக்கெட்ல சொருகுற சின்ன கருவி) மாட்டி டேட்டா எடுக்கறவங்களும் இதே மாதிரி கேள்வி அனுப்பி அனுப்பி மாட்யூல எழுப்பிக்கிட்டே இருக்காங்க, ஓட்டமும் சார்ஜும் இல்லாதப்ப டாங்கிள கழட்டி வைக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி.

வெளியூர் போறதுக்கு முன்னாடி ஸ்கிரிப்ட்ல இன்னொரு இடத்த கட்டாயம் திருத்துங்க, இது எனக்கே நடந்ததால அழுத்திச் சொல்றேன். டேட்டா வரலன்னா வண்டிய எழுப்பு, மறுபடி கேளுன்னு ரீட்ரைல ஒரு வேக் அப் கட்டளை வெச்சிருக்கீங்க. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் எழுதியிருந்தேன், டெஸ்டிங்குக்காகப் போட்டது, எடுக்க மறந்துட்டேன். 9 நாள் ஊர்ல இல்ல, போகும்போது 78 சதவீதம், வந்து பாத்தா 11. கேபிள் மாட்டாம வேற விட்டுட்டுப் போயிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் தாமதமா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு அன்னிக்கு வயிறு கலங்கிடுச்சு. தூங்குற வண்டி எர்ரர் குடுக்கறது கோளாறு இல்ல, "தூங்குறேன்"னு அது சொல்ற பதில் அது. அந்த எர்ரர் வந்தா லாக்ல "தூக்கம்"னு எழுதிட்டு ஒதுங்கிடணும், எழுப்புற கட்டளை லாக்கர்ல, அதாவது பதிவு பண்ற ஸ்கிரிப்ட்ல, எங்கயுமே இருக்கக் கூடாது.

உங்க 2 வாரத்துக்கு, கேபிள் மாட்டிட்டு சார்ஜ் லிமிட்ட 50, 60ல வெச்சுட்டுப் போங்க. கேபிள் மாட்ட வழி இல்லன்னா 70 பக்கத்துல வெச்சுட்டு சென்ட்ரிய அணைச்சுட்டுப் போங்க, நாளுக்கு 1 சதவீதம்னா 14 நாளுக்கு 14தான், கவலையே இல்ல. லாக்கர முழுசா நிறுத்தணும்னு அவசியம் இல்ல, நிலைமை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கட்டும், ஏதாவது ஒரு நாள் காரணமே இல்லாம மணிக்கணக்கா ஆன்லைன்ல நின்னா உங்களுக்குத் தெரிய வரும்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சோதிச்சுப் பாத்துடுங்க. மொதல் ராத்திரி லாக்கர், மத்த ஆப், சென்ட்ரி எல்லாத்தையும் அணைச்சுட்டு, போன் கீய வண்டிக்குத் தள்ளி வெச்சுட்டு, வண்டி பக்கத்துல அமைதியா ஒரு 20 நிமிஷம் நில்லுங்க. பேட்டரி பக்கத்துல இருந்து "டக்"னு ஒரு சத்தம் வரும், கான்டாக்டர் பிரியுற சத்தம், அது கேட்டா வண்டி தூங்கிடுச்சு. அடுத்த ராத்திரி லாக்கர மட்டும் ஆன் பண்ணுங்க, அதுக்கு அடுத்த ராத்திரி இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒண்ணுதான். எந்த ராத்திரி அந்த "டக்" வரலையோ அன்னிக்கு ஆன் பண்ணதுதான் காரணம். மூணு ராத்திரி ஸ்டேட் லாக்க எடுத்து, திருத்துன ஸ்கிரிப்ட்டோட எனக்கு அனுப்பி வைங்க, நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி பாத்து சொல்லிடுறேன்.